புதிய உப்புநீர்த் தொட்டிகளும் காரத்தன்மையின் ஸ்திரமும்: ஓர் அபிப்பிராயம்

கடலோர ஜில்லாக்களில் கடல் அலங்கார மீன் வளர்ப்பு ஓர் உபதொழிலாகத் தலையெடுத்து வருவது யாவரும் அறிந்ததே. கோமாளி மீனின் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலிருந்து வாங்கிச் சில மாதம் வளர்த்து விற்பதற்கு ஏக்கர்க் கணக்கில் நிலம் வேண்டுவதில்லை. வலையும் படகும் வேண்டுவதில்லை. வீட்டுப் புறக்கடையில் நிழலான ஓரிடமும், காற்றூட்டும் பொறியும், கடல் நீர் கொணரும் வசதியுமிருந்தால் போதும். 2020-ஆம் வருஷத்தில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் அலங்கார மீன் வளர்ப்புக்கு உதவித் தொகை வகுக்கப்பட்டது. இவையெல்லாம் நன்றே. ஆயினும் தொட்டி கட்டிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே குஞ்சுகளைப் பறிகொடுத்து, "இத்தொழில் நமக்கு ராசியில்லை" என்று கைவிடுவோரையும் காண்கிறோம். நோய் வந்தது என்பர். தீனி சரியில்லை என்பர். சில இடங்களில் அது மெய்யாயிருக்கலாம். பல இடங்களில் கெட்டது மீனன்று, நீரே. நீரிலும் அதன் காரத்தன்மை என்னும் ஒரு குணமே நிலைகுலைந்திருக்கின்றது. இறால் பண்ணையாளர் இதனை 'அல்கலினிட்டி' என்றே வழங்குவர்.

இதற்குப் பரிகாரமாக இப்போது கடைகளில் விற்கும் புட்டிகளையும் பொடிகளையும் வாங்கி, மேற்சீட்டிலுள்ள அளவுப்படி தினந்தோறும் கொட்டுகிற வழக்கம் பரவியிருக்கின்றது. இவ்வழக்கம் பிழையானது, அளவாமல் எதையும் தொட்டியிலிடலாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதன் காரணங்களைச் சற்று விரிவாகவே கூறவேண்டும்.

முதலாவது, காரத்தன்மை வேறு, பி.எச். என்னும் அளவு வேறு. பி.எச். என்பது நீர் இந்தக் கணத்தில் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம் என்பதைக் காட்டுவது. காரத்தன்மையோ, புளிப்பு வந்து சேரும்போது அதைத் தாங்கி மாற்றுவதற்கு நீரில் எவ்வளவு கையிருப்பு உள்ளது என்பதைக் காட்டுவது. இன்று அடுப்பிலேறிய அரிசியைப் பார்த்துக் குதிரிலுள்ள நெல்லை மதிப்பிட முடியாதன்றோ? அதுபோலவே பி.எச். 8.1 என்று காட்டியதனால் தொட்டி க்ஷேமமாயிருக்கிறதென்று கொள்ளலாகாது. கையிருப்பு பாதியாய்க் குறைந்த பின்னும் சில நாள் பி.எச். அதிகம் அசையாமலே நிற்கும். பிறகு ஒரே இரவில் சரியும். கடல் நீரில் இந்தக் கையிருப்பின் பெரும்பகுதி பைகார்பனேட்டாக உள்ளது. திறந்த கடலின் நீரில், கால்ஸியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு ஏறக்குறைய 115 மில்லிகிராம் இருக்கும். ஜெர்மன் டிகிரிக் கணக்கில் கூறும் புட்டிகளில் இதுவே சுமார் 6.5 என வரும். ஒரு டிகிரி 18 மில்லிகிராமுக்குச் சமம். தொட்டிகளில் 7-லிருந்து 9 டிகிரி வரை வைத்துக்கொள்வது உசிதம். இந்த எண்களுள் எதைப் பிடிக்கிறோம் என்பதைவிட, பிடித்த எண்ணில் நிற்பதே முக்கியம். ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் ஏறவோ இறங்கவோ விடலாகாது.

புதிய தொட்டியில் இக்கையிருப்பு ஏன் குறைகின்றது? இதைக் குடியானவர்களுக்கு விளக்குதல் எளிது. ஏனெனில் அவர்கள் இதை நிலத்தில் கண்டிருக்கிறார்கள். அம்மோனியம் சல்பேட்டை வருஷக்கணக்காக இட்டு வந்த வயல் நாளடைவில் புளித்துப்போகின்றது. அங்கே மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மாற்றத்தில் புளிப்பு பிறக்கின்றது. மீன்தொட்டியில் நிகழ்வதும் அதுவே. மீன் உண்ட தீனியிலுள்ள புரதம் அம்மோனியாவாகக் கழிகிறது. வடிகட்டியிலும் கற்களிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக்குகின்றன. இந்த வேலைக்கு ஒவ்வொரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கும் 7 கிராமுக்குச் சற்று மேற்பட்ட காரத்தன்மை செலவாகின்றது. அம்மோனியா மீனுக்கு நஞ்சாதலால் நுண்ணுயிர்களின் இவ்வேலையை நாம் தடுக்கவும் இயலாது. அதுவே தொட்டியின் உயிர்நாடி. செலவைக் கணக்கிட்டு ஈடுசெய்வதே நம் கடமை.

ஓர் உதாரணத்தால் இது தெளிவாகும். ஆயிரம் லிட்டர் தொட்டியொன்றில் நாளொன்றுக்கு 10 கிராம் தீனி இடுவதாக வைத்துக்கொள்வோம். தீனியில் நூற்றுக்கு 40 பங்கு புரதமானால், 10 கிராமில் உள்ள நைட்ரஜன் 0.64 கிராம். இதில் பாதி அம்மோனியாவாகிப் பின் நைட்ரேட்டாக மாறுமானால், செலவாகும் காரத்தன்மை ஏறக்குறைய 2.3 கிராம்; அதாவது லிட்டருக்கு 2.3 மில்லிகிராம். ஒரு நாளில் இது ஒன்றுமில்லை. பத்து நாளில் 23 மில்லிகிராம். அதாவது 1 டிகிரிக்கு மேல். முப்பது நாள் நீரை மாற்றாமலும் எதையும் சேர்க்காமலும் விட்டால் 115 என்றிருந்தது 46-க்கு வந்துவிடும். அப்போது பி.எச். சரியும், நுண்ணுயிர்களும் சோர்ந்து வேலையைக் குறைக்கும், அம்மோனியா மீண்டும் தலைகாட்டும். குஞ்சு வளர வளரத் தீனி இரட்டிக்குமாதலால் செலவும் இரட்டிக்கும். முதல் மாதம் நன்றாயிருந்த தொட்டி இரண்டாம் மாதத்தில் கெடுவதன் மர்மம் பெரும்பாலும் இதுவே. ராசிக்கு இதில் இடமில்லை.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருகி நிலைகொள்ள நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் காரத்தன்மை குறையவில்லை என்று மகிழ்வது தகாது. குறையாதது அம்மோனியா இன்னும் மாற்றப்படவில்லை என்பதற்கு அறிகுறியாகவும் இருக்கலாம். வாய்க்காலில் நீர் பாயவில்லையென்றால் மடையைச் சென்று பார்க்கிறோமன்றோ? அவ்வாறே, புதுத் தொட்டியில் காரத்தன்மை முதன்முதல் இறங்கத் தொடங்கும் நாளை எதிர்பார்த்திருக்கவேண்டும். அன்றுதான் நுண்ணுயிர்கள் வேலையில் இறங்கின என்று கொள்ளலாம்.

சிமெண்டுத் தொட்டிகளில் நிலைமை இதற்கு நேர்மாறாகத் தொடங்கும். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பி.எச். 9-க்கும் மேலே செல்லக்கூடும். பி.எச். 8-இல் உள்ள கடல் நீரில், நமது வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு 5 பங்கே கொடிய நஞ்சுருவில் இருக்கும். 9-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவ்வுருவை அடைந்துவிடும். ஆகவே அதே அம்மோனியா, அதே மீன், தொட்டி மட்டும் புதிது; மீன் மடிகின்றது. புதுத் தொட்டியை நல்ல நீரால் நிரப்பி, சில நாளுக்கொருமுறை கொட்டி, மீண்டும் நிரப்பிப் பல வாரம் பழக்கிய பின்னரே கடல் நீர் விடவேண்டும். வாழைமட்டையை வெட்டிப் போட்டு ஊறவைக்கும் வழக்கமும் நம்மவரிடம் உண்டு. அதைச் செய்வோர் செய்க. ஆனால் மட்டை அழுகி முடிந்ததென்பது தொட்டி பழகியதற்குச் சாட்சியன்று. நிரப்பிய நீரின் பி.எச். இரண்டு மூன்று நாள் ஏறாமல் நின்றால் மட்டுமே பழகியது எனலாம். கூலி கொடுத்துக் கட்டிய தொட்டியை ஒரு மாதம் வெறுமனே வைத்திருக்க மனம் வராதுதான். ஆயினும் அந்த ஒரு மாதத்தைச் சுருக்கியவர்கள் பின்னர் குஞ்சுகளின் விலையாக அதைச் செலுத்துகிறார்கள்.

"பவழமணலைத் தொட்டியடியில் பரப்பிவிட்டால் காரத்தன்மை தானே நிலைத்திருக்கும்" என்று கூறுவாருமுளர். இது பாதி உண்மைகூட அன்று. கடல் நீர் இயல்பிலேயே கால்ஸியம் கார்பனேட்டை மிகுதியாகக் கரைத்து வைத்திருக்கிறது, பி.எச். 8-ஐ ஒட்டி நிற்கும்வரை அது மேலும் எதையும் கரைத்துக்கொள்ளாது. மணல் கணிசமாகக் கரையத் தொடங்கும்போது பி.எச். 7.7-க்கும் கீழே இறங்கியிருக்கும். வீடு பற்றிய பின் ஊற்றாகும் கிணற்றால் பயனென்ன? அன்றியும், நம் தேசத்தில் இதற்குச் சட்டத்தின் தடையும் உண்டு. 1972-ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவழங்களும், கடல்விசிறிகளும் 2001-இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லிருந்து தேசியப் பூங்காவாக உள்ளன. அங்கிருந்து உயிர்ப் பவழமாயினும் செத்த பவழக்கல்லாயினும் எடுத்து வருதல் குற்றம். நுண்ணுயிர் குடியேற இடம் வேண்டுமானால் சுட்ட மண்ணோடு, பீங்கான் வளையம், கழுவிய சிப்பியோடு இவை போதும்.

இந்தச் சட்டத்திலிருந்தே புட்டிகளைப் பற்றிய நமது முக்கிய ஆட்சேபம் பிறக்கின்றது. அப்புட்டிகள் பெரும்பாலும் வெளிதேசங்களில், கல்பவழம் வளர்ப்போருக்காகச் செய்யப்பட்டவை. பவழம் தன் எலும்பைக் கட்டுவதற்கு நீரிலிருந்து கால்ஸியத்தையும் காரத்தன்மையையும் நாள்தோறும் உறிஞ்சுகிறது. அங்கே தினசரி அளவிட்டுச் சேர்ப்பது நியாயம். நம் தொட்டிகளில் பவழம் இல்லை, இருக்கவும் கூடாது. இல்லாத பவழத்துக்குத் தீனியிடுவதுபோல மேற்சீட்டின் அளவை அப்படியே கொட்டினால் காரத்தன்மை நாளுக்கு நாள் ஏறி, 12, 14 டிகிரி என்று போகும். பிறகு ஒரு நாள் நீர் மோர்போல வெளுத்து, கால்ஸியம் கார்பனேட்டு அடியில் படியும். விசைப்பம்பின் சுழலியிலும் வெப்பமூட்டியிலும் சுண்ணாம்பு பற்றும். அதைக் கண்டு அஞ்சி இன்னொரு புட்டி வாங்குவோரையும் காண்கிறோம். விற்பவர் மீது குறை சொல்வதற்கில்லை; கேட்பவர் கேட்கிறார், கொடுப்பவர் கொடுக்கிறார்.

புட்டி ஒன்றும் ஊற்றாமலே காரத்தன்மை ஏறும் தொட்டிகளும் உண்டு. அதற்குக் காரணம் ஆழ்குழாய்க் கிணறு. வெயிலிலும் காற்றிலும் தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கி நிற்கும். நீர் மட்டுமே போகும். ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீர் ஊற்றவேண்டும் என்பது சரி. ஆனால் கடலோரக் கிராமங்களில் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமானது. அதன் காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்து, நூறு லிட்டர்த் தொட்டியில் தினம் ஒரு லிட்டர் ஊற்றுவதாகக் கொண்டால், நாளுக்கு 3 மில்லிகிராம் ஏறும். ஒரு மாதத்தில் 90 மில்லிகிராம், அதாவது 5 டிகிரி. நன்றாய்ப் பிடித்து மூடிவைத்த மழைநீர் இதற்கு மிகச் சிறந்தது. அது இல்லாத காலத்தில் சுத்திகரிப்புப் பொறியிலிருந்து வரும் நீர். கிணற்று நீரைத் தவிர வேறில்லை என்பவர்கள் அந்நீரையும் ஒருமுறை அளந்து, ஏற்றத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும். தீனியால் இறங்குவதும் கிணற்று நீரால் ஏறுவதும் தற்செயலாக ஒன்றையொன்று ஈடுசெய்து, எவ்விதப் பொடியும் வேண்டாமலே நிற்கும் தொட்டிகளும் உண்டு. அங்கே புட்டியை ஊற்றினால் கெடுப்பவர் நாமே.

பி.எச். காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் காண்பது பாசியுள்ள தொட்டிகளில் இயல்பு. அடைத்த அறையில் பலர் உறங்கினால் அறைக்காற்றில் கரியமிலவாயு மிகுந்து அதனாலும் பி.எச். குறையும், காரத்தன்மை அப்போது அணுவும் மாறியிராது. ஜன்னலைத் திறப்பதே அதற்கு மருந்து.

இனி, குறைவு உண்மையிலேயே ஏற்பட்டால் செய்யத்தக்கது. கடலருகே வாழ்பவர்க்கு முதல் மருந்து கடலே. வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது காரத்தன்மையை மட்டுமன்றிப் பிற சத்துக்களையும் மீட்கும், நைட்ரேட்டையும் கழிக்கும். ஆனால் இதன் சக்தியை மிகையாக எண்ணலாகாது. தொட்டியில் 80-உம் கடலில் 115-உம் இருந்தால், ஐந்தில் ஒரு பங்கு மாற்றியதும் கிடைப்பது 87-தான். எஞ்சிய குறைவுக்குச் சமையல் சோடா போதும். கிராமத்து மளிகைக் கடையில் ஆப்ப சோடா என்று கிடைப்பது இதுவே. கேக்கு செய்யப் பயன்படும் பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதில் புளிப்பும் மாவும் கலந்திருக்கும், அதை இடலாகாது. ஆயிரம் லிட்டர் நீரில் ஒரு டிகிரி உயர்த்துவதற்கு 30 கிராம் சோடா வேண்டும். நூறு லிட்டருக்கு 3 கிராம். முன் கூறிய உதாரணத் தொட்டிக்கு நாளொன்றுக்கு 4 கிராம் சோடா ஈடாகும். சலவைச் சோடா வலியது. சுமார் 19 கிராமே ஆயிரம் லிட்டரில் ஒரு டிகிரி உயர்த்திவிடும். ஆனால் அது பி.எச்.-ஐயும் உடனே தூக்குமாதலால் பழகாதவர் கைக்கு உகந்ததன்று. எதுவாயினும் வாளி நன்னீரில் முற்றக் கரைத்து, காற்றுக் குமிழி எழும் இடத்தில் சிறுகச் சிறுக விடவேண்டும். ஒரு வாரத்துக் குறைவை ஒரு நாளில் தீர்த்துவிடும் ஆசை கூடாது. நான்கு நாளில் இறங்கியதை நான்கு நாளிலேயே ஏற்றுக.

அளப்பதற்கான துளிச்சோதனைப் பெட்டி எளியது. குழாயில் குறித்த அளவு தொட்டி நீரை எடுத்து, நிறம் மாறும்வரை துளிகளை எண்ணுவதே வேலை. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் இரண்டொரு நாளில் கற்றுக்கொள்ளலாம். பெட்டி பழையதாகிப் பொய் சொல்லுகிறதா என்று அறியவும் வழியுண்டு. ஒரு லிட்டர் வடிநீரில் 2 கிராம் சமையல் சோடாவைக் கரைத்து, அதில் 100 மில்லிலிட்டர் எடுத்து மீண்டும் வடிநீரால் ஒரு லிட்டராக்கினால், அந்நீர் 6.7 டிகிரி காட்டவேண்டும். காட்டவில்லையெனில் பெட்டியை மாற்றுக. முதல் இரண்டு மாதம் ஒன்றுவிட்ட ஒரு நாள், ஒரே வேளையில், அளந்து நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு குறிப்பது நலம். ஒற்றை எண் எதையும் சொல்லாது. பத்து எண்களின் வரிசை, தொட்டி நாளொன்றுக்கு எவ்வளவு உண்கிறது என்பதைச் சொல்லிவிடும்.

ஏழைக் குடும்பங்களுக்கு இத்தனை ரசாயனம் எதற்கு, அவர்களுக்குப் புரியும்படி 'தினம் ஒரு மூடி ஊற்று' என்று சொல்லிவிடுவதே மேலல்லவா என்று சிலர் வாதிப்பர். பயிற்சி தருவோரில் சிலரும் இவ்வெண்ணமுடையவர்களே. இதை நாம் ஒப்பவில்லை. பாலில் நீர் எவ்வளவு என்று மானி கொண்டு அளக்கவும், நெல்லின் ஈரத்தைப் பல்லால் கடித்தே அறியவும் வல்ல மக்களுக்குத் துளி எண்ணத் தெரியாது என்று கொள்வது அவர்களைக் குறைத்து மதிப்பதாகும். மேலும் ஒரு மூடி என்னும் விதி எல்லாத் தொட்டிக்கும் பொருந்துமாயின் அளவையே வேண்டுவதில்லை. பொருந்தாது என்பதை மேலே கண்டோம். சிமெண்டுத் தொட்டி ஏறுகிறது, தீனி மிக்க தொட்டி இறங்குகிறது, கிணற்று நீர்த் தொட்டி மீண்டும் ஏறுகிறது. மூன்றுக்கும் ஒரே மூடியா?

ஆகவே உதவித் தொகையில் தொட்டி, பொறி, குஞ்சு, தீனி ஆகியவற்றோடு சோதனைப் பெட்டியும், உப்பளவுமானியும், கிராம் காட்டும் சிறு தராசும் கட்டாயமாகச் சேர்க்கப்படவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். புட்டி மருந்துகளுக்கு அதில் இடம் தரவேண்டியதில்லை. குஞ்சு வழங்கும் நாளையும் மாற்றியமைக்கவேண்டும். தொட்டி கட்டி முடிந்ததென்ற சான்றைப் பார்த்துக் குஞ்சு கொடுப்பதை விடுத்து, ஆறு வாரத்து நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கொடுப்பதே முறை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தோன்றி, 1949-லிருந்து 1971 வரை மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இப்போதும் அதன் பிராந்திய நிலையம் அங்கே உள்ளது. கோமாளி மீன் பொரிக்கும் முறைகளை வகுத்ததும் அந்நிலையமே. நிபுணர்கள் இத்துணை அருகிலிருக்க, மாதமொருமுறை பயனாளிகளின் நீரைக் கொணர்ந்து ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஏற்பாடு செய்வது பெருஞ்செலவாகாது.

பருவத்தைப் பற்றி ஒரு சொல் உண்டு. வடகிழக்கு மழைக் காலத்தில் கரையோரக் கடல் நீர் நன்னீர் கலந்து உப்புக் குறைந்து நிற்கும். உப்புக் குறைந்தால் காரத்தன்மையும் உடன் குறையும். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பிருக்கவேண்டிய நீர் 28 ஆனால், 115 இருக்கவேண்டிய காரத்தன்மையும் சுமார் 92 ஆகலாம். முகத்துவாரங்களின் அருகே இன்னும் கீழே போகும். ஆதலின் நீர் மாற்றவென்று அந்நாளில் புது நீரை அப்படியே விடுவது, ஈடுசெய்வதாக எண்ணிக் குறைப்பதாகவே முடியும். தொட்டி வைத்திருப்போர் புரட்டாசி முடிவதற்குள் தெளிந்த கடல் நீரை முகந்து, வெளிச்சம் படாத பழகிய தொட்டிகளில் மூடி, குறைந்தது எட்டு வாரத்துக்கு வேண்டிய அளவு சேமித்துக்கொள்வாராக. ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு, வாரம் ஐந்தில் ஒரு பங்கு மாற்றுவதற்கு, அது 1600 லிட்டராகும்.